மணிக்கட்டும் விரல்களும்: கோத்தகிரிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பிசியோதெரபி பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் கொழுந்து பறிப்பவர்கள், கேரட் கழுவுபவர்கள், ஃபேக்டரி வேலைக்குப் போகிறவர்கள், தையல், எம்பிராய்டரி செய்பவர்கள் அதிகம். கை ஓடவில்லை என்றால் அன்றைய கூலி இல்லை என்கிற நிலை பலருக்கு. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்களை, கேட்ட வாக்கிலேயே எழுதிப் பதில் சேர்த்திருக்கிறேன். எந்த வலிக்குப் பொறுத்துப் பார்க்கலாம், எதற்கு அன்றைக்கே மலை இறங்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளக் கையின் அமைப்பு கொஞ்சம் புரிந்திருக்க வேண்டும். அதனால் முதல் சில கேள்விகளைத் தாண்டிப் போக வேண்டாம்.

கையில மொத்தம் எத்தனை எலும்பு? மணிக்கட்டு ஒரே எலும்புதானே?

ஒரு கைக்கு 27. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. இரண்டு கைக்கும் சேர்த்து 54. பெரியவர்கள் உடம்பில் மொத்தமே 206 எலும்புதான், அதில் கால்வாசிக்கு மேல் இந்த இரண்டு கைகளில் இருக்கிறது.

மணிக்கட்டின் எட்டும் சின்னச் சின்ன எலும்புகள். நாலு நாலாக இரண்டு வரிசையில், தசைநார்களால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கின்றன. கையை அசைக்கும்போது ஒன்றின் மேல் ஒன்று லேசாக நழுவிக் கொடுக்கும். பிறந்த குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் இந்த எட்டில் ஒன்றும் தெரியாது, அப்போது எல்லாம் குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக எலும்பாக மாறி, கடைசி எலும்பு தெரிய 9 முதல் 12 வயது வரை ஆகும். குழந்தையின் வளர்ச்சியைக் கணிக்க டாக்டர்கள் கையை எக்ஸ்ரே எடுப்பது இதனால்தான்.

விரல் இவ்வளவு வேகமா மடங்குதே, விரலுக்குள்ள எவ்வளவு சதை இருக்கும்?

விரலை மடக்கி நீட்டுகிற தசை விரலுக்குள் ஒன்றுகூட இல்லை. இடது கையால் வலது முன்கையை, முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பாருங்கள். உள்ளே புரளுவது தெரியும். விரலை இழுக்கும் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரலுக்குப் போகின்றன. சைக்கிள் பிரேக் ஒயர் அதன் உறைக்குள் ஓடுவதுபோல் இவையும் வழுவழுப்பான உறைக்குள் ஓடுகின்றன. உள்ளங்கையிலும் சின்னத் தசைகள் உண்டு. விரலை விரிப்பது, சேர்ப்பது, ஊசி பிடிப்பது போன்ற நுணுக்கமான வேலைகள் அவற்றுடையவை.

விரலை மடக்க இரண்டிரண்டு தசைநாண்கள். ஒன்று நடுக்கணு வரை போகும், இன்னொன்று நுனிக்கணு வரை. நுனிக்குப் போவது அடியில் இருப்பதால், மேலே இருப்பது விரலுக்குள் இரண்டாகப் பிரிந்து அதற்கு வழி விடுகிறது. இந்த இடத்தை நினைவில் வையுங்கள், வெட்டுக்காயம் பற்றிய கேள்வியில் தேவைப்படும். பேச்சில் இழுக்கும் நாண், உணர்வு நரம்பு, இரத்தக்குழாய் மூன்றையும் 'நரம்பு' என்கிறோம். இங்கே நரம்பு என்று நான் எழுதினால் உணர்வும் கட்டளையும் கடத்துவதை மட்டும்தான் சொல்கிறேன்.

மணிக்கட்டு எவ்வளவு தூரம் திரும்பணும்? சாவி திருப்புறதும் மணிக்கட்டுதானே?

உள்ளங்கைப் பக்கம் சுமார் 80 டிகிரி, புறங்கைப் பக்கம் சுமார் 70, கட்டைவிரல் பக்கம் சாய்க்க 20, சுண்டுவிரல் பக்கம் சாய்க்க 30. ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும். உங்கள் இன்னொரு கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் சரியான அளவு.

சாவி திருப்புவது மணிக்கட்டு வேலை இல்லை. முன்கையில் இரண்டு எலும்புகள் இருக்கின்றன. கட்டைவிரல் பக்கத்து எலும்பு மற்றதன் மேல் உருண்டு குறுக்கே வரும்போதுதான் உள்ளங்கை கவிழ்கிறது. அதனால் மூடி திறக்கும்போதும் துணி பிழியும்போதும் மட்டும் வலித்தால் முழங்கையையும் சேர்த்துக் காட்டுங்கள்.

அக்கா, கத்தரி பிடிச்சு ஒரு மணி நேரத்துல பிடியே இல்லாம போயிடுது. உடம்புல தெம்பு இல்லையா?

முதலில் மணிக்கட்டு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மணிக்கட்டை உள்பக்கமாக முழுக்க மடக்கி வைத்துக்கொண்டு முஷ்டியை இறுக்கப் பாருங்கள், முடியாது. விரலை மடக்கும் நாண்கள் அப்போது தொய்ந்து விடுகின்றன, பின்பக்க நாண்கள் இழுத்துப் பிடிக்கின்றன. மணிக்கட்டு புறங்கைப் பக்கம் 20, 30 டிகிரி நிமிர்ந்திருக்கும்போதுதான் பிடி முழு வலுவோடு இருக்கும்.

சரிவில் நின்றுகொண்டு கொழுந்து வெட்டும்போது, செடி உயரத்துக்கும் உங்கள் உயரத்துக்கும் பொருந்தாமல் மணிக்கட்டு மடங்கியே இருக்கும். அதே வேலைக்குத் தசை இரண்டு மடங்கு பாடுபட வேண்டியிருக்கிறது. பாத்தியின் மேல்பக்கம் நிற்பதா கீழ்ப்பக்கம் நிற்பதா என்று மாற்றிப் பாருங்கள், கத்தரியின் கைப்பிடிக்கு ரப்பர் சுற்றித் தடிமனாக்குங்கள், முனையைச் சாணை பிடித்து வையுங்கள். டானிக்கை விட இது கேட்கும்.

கட்டைவிரலுக்கு மட்டும் ஏன் ரெண்டே கணு?

கணு குறைவு என்றாலும் மற்ற நாலு விரலும் செய்ய முடியாததை அது செய்கிறது. அதன் அடிமூட்டில் இரண்டு எலும்பின் முகங்களும் ஒன்றுக்கொன்று குறுக்காக வளைந்து பொருந்தியிருப்பதால், முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் போய், கொஞ்சம் சுழன்று, மற்ற விரல் நுனிகளை நேருக்கு நேர் தொட முடிகிறது. முன்கையிலிருந்து நாலு தசை, உள்ளங்கையில் நாலு தசை அந்த ஒரு விரலுக்கு.

இரண்டு இலையும் ஒரு மொட்டும் கிள்ளுகிறவரின் கையைக் கிட்ட இருந்து பாருங்கள். ஆள்காட்டி விரல் தண்டுக்கு அடியில் போய் நிற்கும், கட்டைவிரல் மேலிருந்து வந்து ஒடிக்கும். நாள் முழுக்க அந்த அழுத்தம் எல்லாம் போய் இறங்குவது கட்டைவிரலின் அடிமூட்டில். ஐம்பது வயதுக்கு மேல் அந்த மூட்டு தேய்ந்து, பாட்டில் மூடி திறக்கவே சிரமப்படும் பெண்கள் நிறையப் பேர்.

மோதிர விரலை மட்டும் தனியாத் தூக்க முடியல. ஏதாவது பிரச்சினையா?

இல்லை. உள்ளங்கையை மேசையில் கவிழ்த்து, நடுவிரலை மட்டும் அடியில் மடக்கிக்கொண்டு, மோதிர விரலைத் தூக்கிப் பாருங்கள். யாருக்கும் அது சரியாக எழும்பாது. புறங்கையில் விரல் நீட்டும் நாண்கள் குறுக்குப் பட்டைகளால் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. நடுவிரல் மடங்கினால் பக்கத்து நாணும் சேர்ந்து இழுபட்டு விடும். ஆள்காட்டிக்கும் சுண்டுவிரலுக்கும் தனியாக இன்னொரு நாண் இருப்பதால் அவை எழும்பும்.

எனக்கு மணிக்கட்டு நடுவுல ஒரு நாண் தூக்கிக்கிட்டு நிக்குது, என் தங்கச்சிக்கு இல்லவே இல்ல. யாருக்குக் கோளாறு?

இருவருக்கும் இல்லை. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துத் தொட்டு மணிக்கட்டை லேசாக மடக்கினால் நடுவில் எழும்புகிற அந்த நாண், நூற்றில் ஏறக்குறைய 15 பேருக்குப் பிறவியிலேயே இருக்காது. இல்லாததால் பிடியில் குறை ஒன்றும் தெரியாது. வேறு விரலின் நாண் அறுந்து போனால், அறுவை மருத்துவர்கள் இதை எடுத்து அங்கே ஒட்டுப் போடுவார்கள்.

நெட்டி முறிச்சா மூட்டு தேய்ஞ்சு போகுமா?

போகாது. மூட்டை இழுக்கும்போது உள்ளே இருக்கும் வழவழப்புத் திரவத்தில் அழுத்தம் குறைந்து வாயுக் குழி ஒன்று உண்டாகிறது, சத்தம் அங்கிருந்து. மறுபடி சத்தம் வரச் சுமார் 20 நிமிடம் ஆவதும் அதனால்தான். அமெரிக்காவில் டொனால்ட் அங்கர் என்கிற மருத்துவர் 60 வருடத்துக்கு மேல் ஒரு கையில் மட்டும் நெட்டி முறித்து, இன்னொரு கையை விட்டுவைத்தார். கடைசியில் இரண்டு கையிலும் மூட்டுவாதம் இல்லை. சத்தத்தோடு வலியோ வீக்கமோ இருந்தால் மட்டும் காட்டுங்கள்.

டிசம்பர், ஜனவரியில கேரட் கழுவினா கை கட்டையாயிடுது. பட்டன்கூடப் போட முடியல. க்ளவுஸ் போட்டும் பிரயோசனம் இல்ல.

கேத்தி பாலாடா பக்கமிருந்து வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது இது. குளிர் பட்டால் உடம்பு சூட்டைக் காப்பாற்ற விரலின் இரத்தக்குழாய்களைச் சுருக்கிக்கொள்ளும். நரம்பில் செய்தி மெதுவாகப் போகும், மூட்டுத் திரவமும் கெட்டியாகும். மூன்றும் சேர்ந்துதான் கை கட்டையாகிறது.

க்ளவுஸ் மட்டும் போதாததற்குக் காரணம் இரண்டாவது பதிலில் இருக்கிறது. விரலை இயக்கும் தசை முன்கையில். சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டு ரப்பர் க்ளவுஸ் போட்டால் தசை குளிர்ந்து போகும். பழைய உல்லன் சாக்ஸின் பாதத்தை வெட்டி முன்கையில் மாட்டி, அதன் மேல் நீளமான க்ளவுஸ் போடுங்கள். வேலை முடிந்ததும் விறைத்த கையை நெருப்பில் நேராகக் காட்டாதீர்கள். சூடு உறைக்காததால் வெந்து போனதே தெரியாது, விரல் சிவந்து வீங்கி அரிப்பதும் அதனால் கூடும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். விரல் சுண்ணாம்பாக வெளுத்து, நீலமாகி, பிறகு சிவப்பாகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். பீடி, சிகரெட் அந்தக் குழாய்களை இன்னும் சுருக்கும்.

ராத்திரி ரெண்டு மணிக்குக் கை மரத்துப் போய் முழிப்பு வருது. உதறினா சரியாகுது. ரத்த ஓட்டம் இல்லையா?

பெரும்பாலும் இரத்த ஓட்டப் பிரச்சினை இல்லை. மணிக்கட்டின் உள்பக்கம், எலும்புகள் அடியும் பக்கமுமாக, மேலே ஒரு தடித்த நார்ப்பட்டையாக, ஒரு குறுகிய வழி இருக்கிறது. விரல் மடக்கும் நாண்கள் ஒன்பதும் அதற்குள் போகின்றன. கூடவே ஒரே ஒரு நரம்பும் போகிறது. உள்ளே கொஞ்சம் வீங்கினாலும் இடிபடுவது அந்த நரம்புதான். தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கிக் கிடக்கும்போது அழுத்தம் கூடுவதால் ராத்திரியில் முழிப்பு வருகிறது. உதறினால் குறைவது இதற்கே உரிய அடையாளம்.

எந்தெந்த விரல் என்று கவனியுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவை மரத்துப்போய்ச் சுண்டுவிரல் நன்றாக இருந்தால் சந்தேகம் இந்த நரம்பின் மேல். கட்டைவிரலின் அடியில் மேடிட்ட தோலில் உணர்வு நன்றாகவே இருக்கும். அங்கே போகும் கிளை முன்கையிலேயே பிரிந்து நார்ப்பட்டைக்கு வெளியே போய்விடுகிறது. சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, கர்ப்ப காலம் ஆகியவற்றில் இது அதிகம் வரும், அதனால் ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்வேன்.

ஆரம்பத்தில், மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையை ராத்திரி மட்டும் சில வாரம் போட்டாலே பலருக்குத் தூக்கம் வந்துவிடும். ஆனால் கையிலிருந்து டம்ளர் நழுவுகிறது, கட்டைவிரல் அடிமேடு இன்னொரு கையை விட வற்றித் தெரிகிறது என்றால் தள்ளிப் போடாதீர்கள். அந்த நார்ப்பட்டையை வெட்டிவிடுகிற சின்ன அறுவை சிகிச்சை நல்ல பலன் தரும். வற்றிப்போன தசை முழுதாகத் திரும்புவது மட்டும் கடினம். தோட்ட வேலை முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று வருடக்கணக்கில் ஒத்திப்போட்டு வருகிற அம்மாக்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

எனக்குச் சுண்டுவிரல்லதான் மரத்துப் போகுது. அதுவும் இதேதானா?

இல்லை, அது வேறு நரம்பு. முழங்கையை இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை சுளீர் என்று ஓடுமே, அதுதான். முழங்கையை மடக்கி ரொம்ப நேரம் போன் பேசினாலும், மடக்கியே தூங்கினாலும் அது அழுத்தப்படும். பைக்கில் குன்னூர் மலைப்பாதையில் இறங்கும்போது உடம்பின் பாரம் முழுக்க உள்ளங்கை அடிப்பகுதியில் விழும், அங்கேயும் அந்த நரம்பு நசுங்கலாம். வளைவுகளுக்கு நடுவே நிறுத்தி இறங்கிக் கையை விரித்து நீட்டுங்கள்.

கத்தரி வேலைக்குப் போனதிலிருந்து கட்டைவிரல் ஓரம் மணிக்கட்டுல இழுத்துப் பிடிக்குது. குழந்தை பிறந்த என் மருமகளுக்கும் அதே இடம்தான். ஒட்டுமா?

ஒட்டாது, ஆனால் காரணம் இருவருக்கும் ஒன்றுதான். கட்டைவிரலை விரித்துத் தூக்கும் இரண்டு நாண்கள் மணிக்கட்டு ஓரத்தில் ஒரே உறைக்குள் போகின்றன. விரலை விரித்தபடி மணிக்கட்டைச் சாய்த்துச் சாய்த்து வேலை செய்தால் உறை தடித்து நாணைப் பிடிக்கும். சுவிட்சர்லாந்தின் ஃபிரிட்ஸ் டி கெர்வைன் 1895இல் இதை விவரித்ததால் நோய்க்கு அவர் பெயர்.

மருமகள் குழந்தையின் அக்குளில் கட்டைவிரலை விரித்துக் கொடுத்துத் தூக்குவார். அதற்குப் பதில் இரண்டு உள்ளங்கையையும் குழந்தைக்கு அடியில் கொடுத்து அள்ளித் தூக்கச் சொல்லுங்கள். உங்களுக்குக் கத்தரியின் கைப்பிடி பற்றி மேலே சொன்னதுதான். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கிற பட்டை, சில வாரம் ஓய்வு, தேவைப்பட்டால் ஓர் ஊசி. பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும்.

விரல் மடக்கினா பூட்டிக்குது. இன்னொரு கையால பிடிச்சு விட்டா 'டக்'குன்னு தெறிக்குது.

தெறிப்பது நடுக்கணுவில் என்று தோன்றும். தடை இருப்பது உள்ளங்கையில், அந்த விரலின் அடியில். அங்கே உறையின் வாய் தடித்து, நாணிலும் ஒரு முடிச்சு விழுந்து, உள்ளே போனது வெளியே வர முடியாமல் நிற்கிறது. நடுக்கணுவில் எண்ணெய் தேய்த்துப் பயன் இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அதிகம் வரும்.

மணிக்கட்டு மேல உருண்டையா ஒரு கட்டி. கனமான புத்தகத்தால அடிச்சா போயிடும்னு பாட்டி சொல்றாங்க.

அடிக்க வேண்டாம். மூட்டிலிருந்து கசிந்த கெட்டித் திரவம் நிறைந்த பை அது, புற்றுநோய் கிடையாது. பல கட்டிகள் தானே வற்றிவிடும். வலி இருந்தாலோ வளர்ந்தாலோ மட்டும் காட்டுங்கள்.

மழையில வழுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லைன்னாங்க. மூணு வாரமா வலி போகல.

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். கட்டைவிரலை மேல்நோக்கி நிமிர்த்துங்கள். அதன் அடியில், மணிக்கட்டு ஓரத்தில், இரண்டு நாண்களுக்கு நடுவே ஒரு குழி விழும். அந்தக் குழிக்குள் அழுத்தினால் வலிக்கிறதா? வலித்தால் படகு எலும்பு முறிந்திருக்கலாம். மணிக்கட்டின் எட்டில் அதிகம் முறிவது அது. முறிந்த அன்று எடுத்த எக்ஸ்ரேயில் கோடு தெரியாமல் போவது சகஜம். அதனால்தான் சந்தேகம் இருந்தால் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள், அல்லது எம்ஆர்ஐ பார்ப்பார்கள்.

விட்டுவிட்டால் என்ன ஆகும்? இந்த எலும்புக்கு இரத்தம் விரல் பக்க முனையிலிருந்து நுழைந்து முன்கைப் பக்கம் திரும்பி வருகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டுக்கு இரத்தம் நின்று, அது செத்துப்போகலாம். சில வருடத்தில் மணிக்கட்டே தேய்ந்துவிடும். சுளுக்கு என்று விட்டுவிட்டு வரும் இளவயதுப் பையன்களுக்காகத்தான் இவ்வளவு விவரம்.

ஐம்பது வயதைத் தாண்டிய பெண்கள் இதே மாதிரி விழுந்தால் முறிவது பெரும்பாலும் முன்கை எலும்பின் கீழ் முனை. அயர்லாந்தின் ஆபிரகாம் காலிஸ் 1814இல், எக்ஸ்ரே வருவதற்கு 81 வருடம் முன்பே, கையைத் தொட்டுப் பார்த்தே இதை விவரித்துவிட்டார். அப்படி முறிந்தவர்கள் கையோடு எலும்பின் அடர்த்தியையும் பார்த்துக்கொள்ளுங்கள், அடுத்த முறிவு இடுப்பாக இருக்கலாம்.

சுளுக்குன்னா எண்ணெய் போட்டு நீவி விடலாமா?

வேலை செய்த அசதிக்கு முன்கைத் தசையை நீவி விடுவதில் தப்பில்லை, சுகமாகவே இருக்கும். விழுந்த கையை, முறிவு இல்லை என்று உறுதியாகும் வரை நீவவோ இழுக்கவோ கூடாது. முந்தின பதிலில் சொன்ன குழியில் வலி இருந்தால் கண்டிப்பாகக் கூடாது.

கட்டுப் போட்டா விரல் விறைச்சுடும்னு பயமா இருக்கு.

பயத்துக்குக் காரணம் உண்டு, ஆனால் கட்டை அவிழ்ப்பது தீர்வு இல்லை. கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களை முதல் நாளிலிருந்தே முழுசாக மடக்கி முழுசாக நீட்டுங்கள், தோளையும் முழங்கையையும் அசையுங்கள், கையை நெஞ்சுக்கு மேல் வைத்து வீக்கத்தைக் குறையுங்கள். விரல் நீலமானாலோ, வலி தாங்க முடியாமல் கூடினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டைத் தளர்த்த வேண்டும்.

கவாத்துக் கத்தி பட்டு விரல்ல சின்ன வெட்டு. தையல் போட்டு ஆறிடுச்சு. ஆனா நுனி மட்டும் மடங்கல.

இரண்டாவது பதிலில் சொன்ன இரண்டு நாண்களில், நுனிக்குப் போவது அறுந்திருக்கிறது. நடுக்கணு மடங்குவதால் யாரும் கவனிக்கவில்லை. நடுக்கணுவை அசையாமல் பிடித்துக்கொண்டு நுனியை மட்டும் மடக்கச் சொன்னால் தெரிந்துவிடும். அறுந்த நாண் உள்ளங்கைக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும், நாள் ஆக ஆகச் சேர்த்துத் தைப்பது கடினம். வெட்டு சின்னது என்று பார்க்காதீர்கள், தையலுக்கு முன்பே ஒவ்வொரு கணுவையும் அசைத்துக் காட்டுங்கள்.

உணர்வு தெரிகிறதா என்று சொல்லத் தெரியாத குழந்தை என்றால், காயம் ஆறிய பிறகு கையை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். நரம்பு வேலை செய்யும் விரலின் தோல் சுருங்கும். அறுந்த விரலில் அப்படியே வழவழவென்று இருக்கும்.

மிஷின்ல விரல் துண்டாயிட்டா ஐஸ்ல போட்டு எடுத்துட்டு வரணுமாமே?

நேராக ஐஸில் போட்டால் திசு உறைந்து வீணாகும். துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீருக்குள் வையுங்கள். காயத்தை அழுத்திக் கட்டிக் கையை உயர்த்திப் பிடியுங்கள். விரலில் தசை இல்லாததால் குளிரில் பல மணி நேரம் தாங்கும், முன்கையோடு போனால் அந்த அவகாசம் கிடையாது. போகும் வழியிலேயே 108க்கும் கோயம்புத்தூரில் இந்தச் சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரிக்கும் போன் செய்துவிடுங்கள்.

அடுப்புல கை சுட்டது தெரியவே இல்ல. மோதிர விரலும் சுண்டுவிரலும் கொக்கி போட்ட மாதிரி மடங்கிடுச்சு. வயசாயிடுச்சுன்னு விட்டுடலாமா?

விட்டுவிடாதீர்கள். சுண்டுவிரல் நரம்பு முழங்கையில் பல காரணங்களால் பழுதாகலாம், அதில் ஒன்று தொழுநோய். உணர்வில்லாத வெளுத்த தேமல் உடம்பில் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். இதைச் சொல்லும்போது முகம் மாறுகிறவர்கள் உண்டு. வெட்கப்பட இதில் எதுவுமே இல்லை, மற்ற நோய்களைப் போல இதுவும் ஒரு கிருமியால் வருவதுதான்.

1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வேலை செய்தபோது, தொழுநோயாளிகளின் விரல் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் பட்ட காயங்களும் தீப்புண்களும் சேர்ந்துதான் விரலைத் தின்கின்றன என்று காட்டினார். மடங்கிப்போன விரல்களுக்கு, நன்றாக இருக்கும் தசையின் நாணை மாற்றிக் கட்டி அசைவு கொடுத்தார். இன்றும் அந்த வகை அறுவை சிகிச்சை நடக்கிறது. பிடிதுணி இல்லாமல் பாத்திரத்தைத் தொடாதீர்கள், தினமும் படுக்கும் முன் இரண்டு கையையும் வெளிச்சத்தில் புரட்டிப் பாருங்கள். தொழுநோய்தான் என்று உறுதியானால், நோயின் வகையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம் மாத்திரை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும்.